குளஸ்டர்எஃப்எஸ் கோப்பு முறைமையும் பந்தய நிலையும்

குளஸ்டர்எஃப்எஸ், பல கணினிகளின் வட்டுகளை இணைத்து ஒரே சேமிப்பகமாகக் காட்டும் கட்டற்ற கோப்பு முறைமை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, 2005-ல் தொடங்கப்பட்ட குளஸ்டர் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். குனு, கிளஸ்டர் என்னும் சொற்களின் சேர்க்கையே இப்பெயர். ரெட் ஹாட் நிறுவனம் 2011-ல் குளஸ்டரை ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

பந்தய நிலை

ஒரே கோப்பை இரு நிரல்கள் ஒரே நேரத்தில் கையாளும்போது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுவது பந்தய நிலை அல்லது ரேஸ் கண்டிஷன் எனப்படுகிறது. ஒரே கணினிக்குள் கெர்னல் பூட்டு இட்டு இதைத் தடுக்கலாம். பல கணினிகளில் பரவிய கோப்பு முறைமையில் அந்தப் பூட்டை யார் வைத்திருப்பது என்பதே கேள்வி.

வடிவமைப்பு

கோப்புகளின் இருப்பிடத்தைப் பதிந்துவைக்கும் மையச் சேவையகம் குளஸ்டர்எஃப்எஸ்ஸில் இல்லை. கோப்பின் பெயரைக் கொண்டு கணக்கிட்டே அதன் இடம் கண்டறியப்படுகிறது. மையம் பழுதானால் அனைத்தும் நிற்கும் என்ற அச்சம் இதனால் நீங்கியது. எளிய கணினிகளைக் கொண்டே பெரிய சேமிப்பகத்தை அமைக்கவும் முடிந்தது.

விமர்சனம்

மையம் நீங்கியபோது அது செய்துவந்த தீர்ப்பு வேலையும் நீங்கியது. ஒரு கோப்புறை எல்லா வட்டுகளிலும் இருக்க வேண்டும் என்பது இம்முறைமையின் விதி. ஒரு பயனர் அதை வட்டு வட்டாக நீக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரின் கணினி அதைத் தேடினால், சில வட்டுகளில் மட்டும் இல்லாததைக் கண்டு பழுது என்று கருதி மீண்டும் உருவாக்கிவிடும். பாகூர் ஏரி போன்ற பெரிய ஏரியில் ஒருவர் மதகுகளை வரிசையாக மூடிவர, பாதியில் வந்த இன்னொருவர் மூடியவற்றைத் தவறென்று எண்ணித் திறப்பதற்கு இது ஒப்பானது. இருவரும் தத்தம் விதிப்படியே நடந்தனர். பிற்காலத்தில் இவ்விடங்களில் பூட்டுகள் சேர்க்கப்பட்டன.

இரு நகல் முறையின் குறை இதைவிடக் கடுமையானது. முதல் நகல் மட்டும் இயங்கும்போது ஒரு மாற்றமும், அது சரியாகும் முன் இரண்டாம் நகல் மட்டும் இயங்கும்போது வேறொரு மாற்றமும் எழுதப்பட்டால், இரண்டும் ஒன்றையொன்று பழையது என்று குற்றம்சாட்டும். அதன்பின் அக்கோப்பைத் திறக்க முடியாது. இது 'ஸ்பிளிட் பிரெயின்' எனப்படுகிறது. மூன்றாவது கணினி வாங்க இயலாத சிறு அலுவலகங்களும் கல்லூரிகளும்தான் இரு நகல் முறையை நாடக்கூடியவை. ஆகவே வடிவமைப்பின் இடர் அதைத் தாங்க இயலாதவர்கள் மேல் விழுந்தது.

மதிப்பீடு

2015-ல் வெளியான 3.7 பதிப்பு, தரவை வைக்காமல் பெயரையும் விவரக்குறிப்பையும் மட்டும் வைத்திருக்கும் 'ஆர்பிட்டர்' என்னும் நடுவரைக் கொண்டுவந்தது. இரு நகல் தொகுதியை உருவாக்க முயல்வோரை மென்பொருளே எச்சரிக்கும் முறையும் பின்னர் வந்தது. இவை நேர்மையான திருத்தங்கள். ஆயினும் தொடக்கத்தில் விலக்கப்பட்ட நடுவர் வேறு உருவில் திரும்பியதையே இவை காட்டுகின்றன. சேவையகத்தை நீக்கலாம், எது முந்தியது என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பை நீக்க முடியாது என்பதே குளஸ்டர்எஃப்எஸ் விட்டுச்செல்லும் பாடம்.