கஞ்சாவுக்கு எதற்கு நாலு சுவர்?

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் 'கேரள கஞ்சா' என்ற செய்தி இல்லாமல் ஒரு வாரம் கழிவது அரிது. மாதகல் கரையில் பொதி, பருத்தித்துறைக் கடலில் படகு, பிறகு கைது. இதே நாட்டில்தான் 2025 ஓகஸ்டில், மீரிகமவில் 64 ஏக்கர் காணியில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கிடைத்த செய்தி வந்தது. ஒவ்வொருவரும் ஆகக் குறைந்தது 50 இலட்சம் டொலர் முதலிட வேண்டும். 20 இலட்சம் டொலரை மத்திய வங்கியில் பிணையாக வைக்க வேண்டும். இலை, தண்டு, வேர், விதை எதுவும் வளவுக்கு வெளியே போகக்கூடாது.

மீரிகமவுக்கு வந்தது நாளை வடக்குக்கும் வரலாம். 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் காங்கேசன்துறைக்கும் ஒரு கைத்தொழில் வலயம் சொல்லப்பட்டது. அது தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் கிடக்கும் மண். துறைமுகம் பக்கத்தில், பலாலி விமான நிலையம் கூப்பிடு தூரத்தில், முதல் போட ரொறன்ரோவில் சொந்தக்காரர். அப்படியொருவர் வந்தால் கையில் என்ன வரைபடத்தோடு வருவார் என்று ஊகிப்பது கடினமில்லை: சன்னலே இல்லாத பெரிய கட்டடம், உள்ளே விளக்கு, குளிரூட்டி, கமரா. கனடாவிலும் அமெரிக்காவிலும் சட்டபூர்வக் கஞ்சாவுக்கு அதுதான் அடையாளமாகிவிட்டது. அந்த முறை இந்த மண்ணுக்குத் தோதானதா என்பதே என் கேள்வி.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சாச் செடி வெளிச்சத்தைக் கணக்கு வைத்து வாழ்வது. நாளுக்கு 18 மணித்தியாலம் வெளிச்சம் கிடைத்தால் இலையும் கிளையுமாக வளரும். 12 மணித்தியாலம் இடையறாத இருட்டைக் கொடுத்தால் பூக்கத் தொடங்கி, எட்டு ஒன்பது வாரத்தில் அறுவடைக்கு வரும். அந்த இருட்டில் கதவிடுக்கால் வெளிச்சம் கசிந்துகொண்டே இருந்தால் பெண் செடியே ஆண் பூவைத் தள்ளும், மகரந்தம் பறக்கும், மருந்துக்கு வேண்டிய விதையில்லாப் பூ அந்த அறை முழுக்கக் கெட்டுப்போகும். ஆகவே நன்றாகத் திட்டமிட்ட கட்டடத்தில் ஒரே பெரிய மண்டபம் இருக்காது; சிறு சிறு பூப்பறைகள் இருக்கும். ஒன்றில் பூஞ்சணம் வந்தால் மற்றவை தப்பும். செடி மண்ணிலும் நிற்காது. கட்மியம் போன்ற பார உலோகங்களை வேரால் உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் பயிர் என்பதால் தும்பிலோ பாறைக் கம்பளியிலோ நிற்கும். ஐரோப்பிய மருந்துத் தர விதிகளோடு வரும் ஜெர்மன் கொள்வனவாளருக்கு, தையில் வாங்கிய பூவும் ஆடியில் வாங்கிய பூவும் ஒன்றாயிருக்க வேண்டும். அந்த ஒற்றுமையைத் தருவதில் மூடிய அறையை வெல்ல வேறு முறை இல்லை.

ஆனால் இந்த முறை ஏன் பிறந்தது? ஒன்று, குளிர். மார்கழியில் பனி மூடும் ஒன்ராறியோவில் வேறு வழியில்லை. மற்றது, ஒளிவு. சட்டம் தடுத்த காலத்தில் நிலவறையில் விளக்கு வைத்து வளர்த்தவர்களின் கைப்பழக்கம்தான் சட்டம் வந்த பிறகு கோடிக்கணக்கான டொலரில் கொங்கிரீட் கட்டடமானது. தெல்லிப்பழையில் பனியும் இல்லை. அனுமதிப் பத்திரம் இருந்தால் ஒளிக்கவும் தேவையில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகை கூட இல்லாத ஊர். ஆனியில் பகல் பன்னிரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல், மார்கழியில் பதினொன்றரை. பூக்கவைக்க ஒரு கறுப்புத் திரை போதும். நாற்றைப் பூக்காமல் வைத்திருக்க இரவில் சில மணித்தியாலம் மங்கிய விளக்கு போதும். வெயிலைக் கூரை போட்டு மறைத்துவிட்டு, அதே வெளிச்சத்தை மின்சார சபையிடம் காசு கொடுத்து வாங்குவது என்ன கணக்கு?

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பூக்கும் பரப்பு 1,000 சதுர மீற்றர் என்றால் இந்தத் தொழிலில் சிறிய பண்ணைதான். சதுர மீற்றருக்கு 330 வாட் என்று எல்.ஈ.டி. விளக்குப் போட்டு 12 மணித்தியாலம் எரித்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,000 அலகு, மாதம் 1,20,000 அலகு. மாதம் 100 அலகு பாவிக்கும் 1,200 வீடுகளின் மின்சாரம் அது. விளக்கின் சூட்டையும் செடி விடும் ஈரத்தையும் வெளியேற்றும் செலவு தனி. நம் காலநிலையில் அது விளக்குச் செலவுக்குக் கிட்ட வந்துவிடும். அமெரிக்க உள்ளரங்கப் பண்ணைகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வொன்று, ஒரு கிலோ உலர்ந்த பூவுக்கு இடத்தைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோ வரை காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு வெளியேறுகிறது என்று கணித்தது.

செலவை விடப் பெரிய ஆபத்து மின்வெட்டு. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுக்க அணைந்தது. மூடிய அறையில் மின்சாரம் நின்றால் செடி உடனே சாகாது. இலைகள் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதை வாங்க இயந்திரம் இல்லாததால் ஈரப்பதன் ஏறும். நெருங்கிக் கட்டிய பூவின் நடுவில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். வெளிப்பார்வைக்கு நன்றாயிருக்கும் பூவைப் பிளந்தால்தான் உள்ளே அழுகல் தெரியும். டீசல் ஜெனரேற்றர் இல்லாமல் ஒரு நாளும் நடத்த முடியாத தோட்டம் இது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் மூடிய அறைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். தெல்லிப்பழையைச் சூழ்ந்த வலிகாமத்தின் கிணற்று நீர் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிக் கிடப்பது. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் புகையிலைக்கும் போட்ட உரம் நைத்திரேற்றாகக் கிணற்றில் நிற்கிறது. சுன்னாகம் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் போனதும், 2019இல் உயர்நீதிமன்றம் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டதும் தெல்லிப்பழையாருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூடிய அறையில் செடி வெளிவிடும் ஈரத்தைத் திரும்பத் தண்ணீராகப் பிடித்து மறுபடி ஊற்றலாம். உரக் கரைசல் குழாய்க்குள்ளேயே சுற்றும். திறந்த தோட்டத்தால் இது ஏலாது. சிக்கல் ஒன்றுதான்: நம் கிணற்று நீர் கடினம், சவ்வு வைத்துச் சுத்திகரிக்கும்போது ஒரு பங்கு உப்புத் தண்ணீராகக் கழியும், சுற்றிச் சுற்றித் தீர்ந்த கரைசலும் சேரும். அதைக் கொண்டுபோய் வளவு மூலைக் குழியில் விட்டால் சுன்னாகத்துக் கதைதான் திரும்பும். கழிவுநீர் எங்கே போகும் என்று வரைந்து காட்டாத திட்டத்தை மேற்கொண்டு வாசிக்கவே வேண்டியதில்லை.

கனடாவில் சறுக்கியது தொழில்நுட்பமல்ல, அளவு. 2018 ஒக்டோபரில் சட்டம் வரும் என்று நம்பி முன்கூட்டியே கட்டினார்கள். ஸ்மித்ஸ் ஃபோல்ஸில் ஹெர்ஷி சொக்லேற் தொழிற்சாலையை வாங்கிக் கஞ்சாப் பண்ணையாக்கிய கனோபி குரோத் நிறுவனம், 2023இல் அதை ஹெர்ஷிக்கே திருப்பி விற்றது. எட்மன்ரனில் அரோரா நிறுவனம் எட்டு இலட்சம் சதுர அடியில் எழுப்பிய கண்ணாடிக் கூடமும் மூடப்பட்டது. 2021 ஒரே வருடத்தில் கனடிய உற்பத்தியாளர்கள் அழித்த உலர்ந்த கஞ்சா 42 கோடி கிராமுக்கு மேல். மறுபக்கம், ஐரோப்பாவின் பெரிய கொள்வனவாளரான ஜெர்மனி 2024இல் இறக்குமதி செய்தது மொத்தமாக ஏறத்தாழ 72 தொன். அதிலும் கனடாவும் போர்த்துக்கலும் முன்னே நிற்கின்றன. விற்றுத் தீராத சரக்கோடு நிற்பவனோடு விலையில் போட்டி போடப் புதிதாக ஒருவர் தெல்லிப்பழையிலிருந்து போகவேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதுப் பாடமுமல்ல. நம் புகையிலை திருவிதாங்கூரை நம்பி விளைந்த பயிர். அந்த அரசு வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில் விலையைச் சொன்னது வாங்குபவன், கேட்டுக்கொண்டது தோட்டக்காரன். கையொப்பமிட்ட கொள்வனவு ஒப்பந்தம் இல்லாமல் அத்திவாரம் வெட்டுபவரை முதலீட்டாளர் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

என் தீர்ப்பு இரண்டும்கெட்டானாகத் தோன்றலாம். பூவைப் பூவாகவே விற்க வேண்டுமானால் மூடிய அறை தேவைப்படலாம். எண்ணெயாக வடித்து விற்பதானால் சத்தின் அளவைப் பிரித்தெடுக்கும்போதே சரிசெய்யலாம். ஒவ்வொரு பூவும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. அப்போது வெயிலில் நிற்கும் கூடாரமும் கறுப்புத் திரையும் போதும். வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் தொல்லை தரும், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரியில் பூ அழுகும். அந்த ஒரு போகத்தை விட்டுவிடலாம். சுவர் வேண்டியது உலர்த்தும் இடத்துக்குத்தான். 20 பாகைக்குக் கீழே, ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டாமல், பத்துப் பன்னிரண்டு நாள் பூ தொங்கவேண்டும். காற்று எப்போதும் ஈரமாயிருக்கும் நம் கரையோரத்தில் அதைத் திறந்தவெளியில் செய்யவே முடியாது. பணத்தைக் கொட்டவேண்டிய அறை அதுதான்.

காணி பற்றியும் ஒரு சொல். 1990இல் இடம்பெயர்ந்து, உயர் பாதுகாப்பு வலயம் என்ற வேலிக்கு வெளியே பல வருடம் நின்ற சனம் வலிகாமம் வடக்குச் சனம். இன்னும் திரும்பாத காணியும் உண்டு. அந்த மண்ணில் கமராவும் காவலும் உள்ள இன்னொரு வேலி என்றால் முதலில் உறுதி யாருடையது என்று பார்க்கவேண்டும்.

கடைசியாக, தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையும் பருத்தித்துறையும் தொடும்படி நாடு முழுக்க நடந்து சேர்த்த காசில் எழுந்தது. கீமோவால் வரும் குமட்டலுக்கு, மற்ற மருந்து கேட்காதபோது கொடுக்கவென்று கஞ்சாச் சேர்மத்தை ஒத்த இரு மருந்துகளை அமெரிக்கா 1985லேயே அங்கீகரித்தது. அற்புத மருந்தல்ல, ஆனால் சிலருக்கு உதவுவது. மீரிகம நிபந்தனைப்படி விளைச்சல் முழுவதும் ஏற்றுமதிக்கே. அதே நிபந்தனையில் இங்கே பண்ணை எழுந்தால் மதிலுக்கு அப்பால் படுத்திருப்பவருக்கு அதில் ஒரு துளியும் இல்லை. நம் சுதேச வைத்தியர்களின் நிலையும் அதுதான். லேகியத்துக்குக் கஞ்சா வேண்டும் என்றால் வழக்கு முடிந்து, வருடக்கணக்கில் கிடந்து சத்திழந்த பொதிதான் அவர்களுக்கு வருகிறது என்பதை 2017லேயே அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன ஒப்புக்கொண்டார். இங்கிரியவில் 100 ஏக்கர் பயிரிடும் யோசனைக்கு அவர் சொன்ன காரணமே அது. எட்டு வருடம் கழித்து வந்த அனுமதியில் அந்தக் காரணத்தைக் காணவில்லை.