இரவல் மேகம்

மலையைப் படம் பிடிப்பதைவிடச் சமதரையைப் படம் பிடிப்பது கடினம். மலையின் முன்னே காமிராவை நிறுத்திவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டி போகும் சாலையில் புதுவாயலில் இறங்கிப் பாருங்கள். வயல், ஏரிக்கரை, பனைமரம், ஆலைப் புகைபோக்கி, மின்சாரக் கம்பி எல்லாம் அடிவானத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மிச்சமெல்லாம் ஆகாயம். பழவேற்காட்டுக்குப் பூநாரை படம் எடுக்கப் போகிறவர்கள் இதற்கு முன்பே பொன்னேரிப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். புதுவாயலில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய எண்ணம்.

இருக்கிறது. ஐப்பசி மாதத்து மாலையில், மேற்கே வெயில் சாயும்போது கிழக்கே கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு நிற்கும். அந்த வேளையில் நம்மவர்கள் பெரும்பாலும் அஸ்தமனத்தைத்தான் எடுப்பார்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பவனுக்கு அல்லவா படம் கிடைக்கிறது! கறுத்த மேகத்தின் முன்னால் நாற்று பளிச்சென்று எரியும். புகைபோக்கிகூட ஒரு பக்கம் பொன்னாகும். அடிவானத்தைக் கீழே இறக்கி, ஆகாயத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேகத்தின் நிழல் முன்னாலுள்ள வரப்பின்மேல் வந்து, நடுவயலில் வெயில் விழுந்து, அதற்கப்பால் மறுபடி இருளும் கணம் ஒன்று உண்டு. தட்டையான தரைக்கு அப்போது ஆழம் வந்துவிடுகிறது.

இந்த ஆகாயம் ஆதியிலிருந்தே புகைப்படக்காரர்களைப் படுத்தியிருக்கிறது. பழைய ரசாயனங்கள் நீல ஒளிக்கே அதிகம் மசிந்தன. தரை பதியும் நேரத்துக்குள் ஆகாயம் வெளிறி வெறுமையாகிவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், ஆகாயத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே படமாக அச்சிட்டார். நம் பக்கத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனிப் பட்டாளத்துக் கேப்டன், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1857, 1858-ஆம் ஆண்டுகளில் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் வர்ணம் தீட்டி அவர் மேகங்களை உண்டாக்கினார். வர்ணம் பட்ட இடம் ஒளியைத் தடுப்பதால் அச்சில் வெளுப்பாக விழும்.

அப்படியானால் டிரைப் செய்தது பொய்யா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கருவி தின்றுவிட்ட ஆகாயத்தை அவர் கையால் திருப்பிக் கொடுத்தார். அதிலும் அடக்கம் இருக்கிறது. மேகம் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. கண் கோபுரத்துக்குத்தான் போகிறது. பிற்காலத்தில் அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் 1927-ல் சிவப்புக் கண்ணாடியை லென்ஸின் முன் வைத்து, ஹாஃப் டோம் பாறைக்குப் பின்னால் ஆகாயத்தை ஏறக்குறைய கறுப்பாக்கினார். அதுவும் மிகைதான். ஆனாலும் அந்தப் பாறையின் மேல் விழுந்த வெயிலும் அந்த ஆகாயமும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை.

இன்றைய வழக்கம் வேறு. 2020-ல் போட்டோஷாப்பிலேயே ஆகாயத்தை மாற்றும் வசதி வந்துவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் நடுப்பகல் வயலுக்கு மேல் எந்த ஊர் அஸ்தமனமும் வந்து உட்காரும். இப்படிப்பட்ட படங்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். மேலே செக்கர் வானம். கீழே பனைமரத்தின் நிழல் உச்சிவேளை நிழலாகக் காலடியில் சுருண்டு கிடக்கும். பார்க்கிறவர்கள் மேலேயே பார்த்து மயங்குகிறார்கள். படத்தைப் பரீட்சிக்க நினைப்பவர்கள் கீழே பார்க்க வேண்டும். ஆகாயத்தை இரவல் வாங்கலாம்; அந்த ஆகாயம் தரையில் போட வேண்டிய நிழலை அவ்வளவு சுலபமாக வாங்க முடியாது.

இதில் என்ன நஷ்டம், படம் அழகாகத்தானே இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நஷ்டம் ஊருக்கு. இரவல் ஆகாயத்தைக் கொண்டுவருகிறவர் சாதாரணமாகப் புகைபோக்கியையும் கம்பியையும் அழித்துவிடுகிறார். மிஞ்சுவது எந்த ஊரும் அல்லாத ஒரு 'கிராமிய அழகு'. அங்கே நாற்று நடுகிறவளும், ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்புகிறவனும் தங்கள் ஊரை அதில் அடையாளம் காணமாட்டார்கள். வயல்கள் ஒவ்வொன்றாக மனையாகவும் கிடங்காகவும் மாறிவரும் வட்டாரம் இது. இன்றைக்கு இருந்தது இன்னதென்று நாளைக்குச் சாட்சி சொல்ல இந்தப் படங்கள்தாம் இருக்கப்போகின்றன.

புதுவாயலில் நல்ல மேகம் வராத நாட்களும் உண்டு. சித்திரை மாதத்து வெளிறிய ஆகாயமும் அந்த ஊருடையதுதான். அன்றைக்கு அதையே எடுக்கட்டும். அல்லது காமிராவை மூடிக்கொண்டு ஐப்பசி வரைக்கும் பொறுத்திருக்கட்டும்.