நோட்டை வாசிக்கும் கண்

ஜெகதாப்பட்டினம் கரையில் இறாலும் நண்டும் கணவாயும் இறங்கியதும் ஒரு கணக்கு நோட்டு விரியும். உப்பு ஈரத்தில் பக்கங்கள் உப்பியிருக்கும். எடை, விலை, டீசல், ஐஸ், முன்பணம் என்று பேனா ஓடும். அடித்துத் திருத்திய எண்ணில் சட்டென்று விரல் வைக்கிற கண் சிலருக்கு வாய்த்திருக்கிறது. பொருளாதாரக் குற்றங்களைக் கற்றுத்தரும் சட்டப் பேராசிரியரிடம் நான் மதிப்பதும் அந்தக் கண்ணைத்தான்.

1939-இல் இத்தகைய குற்றங்களுக்கு 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட். 1949-இல் வந்த அவர் நூலில் நிறுவனங்களின் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. முழுப் பதிப்பு வெளிவர 1983 ஆயிற்று. எத்தனை நீண்ட காத்திருப்பு! நம் நாட்டில் ஊழல் தடுப்புக்கான க. சந்தானம் குழு 1964-இல் இவ்வகைக் குற்றங்களைப் பற்றிப் பேசியது.

கரையில், கூலிக்காரர் தன் பங்கை அந்த நோட்டில் விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டிப் பார்க்கிறார்.