யாரிடமிருந்து இரகசியம்?

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் தோட்டப்பக்கத்துப் பிள்ளைகளிடம், ஏன் நேரில் போகாமல் போனில் உளவளத்துணை பெறுகிறீர்கள் என்று கேட்டால், முதலில் நேரமில்லை என்பார்கள். அது உண்மைதான். புறக்கோட்டை மொத்தக் கடையில் நிற்பவருக்கு இரவு ஷட்டர் இறக்கிய பிறகுதான் நாள் முடிகிறது. அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கோ காலையில் நடக்கும். போய்வர அரைநாள் லீவு வேண்டும். தனியாரிடம் சனல் பண்ணிப் பார்க்கலாம்; ஆனால் டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துக் கட்டும் காசு, வீட்டுக்கு அனுப்ப எடுத்து வைத்ததிலிருந்துதான் போகும். இன்னும் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் உள்ளே இருக்கும் காரணம் வெளியே வரும். யாருக்கும் தெரியக்கூடாது.

இந்தப் பயத்தை அற்பமென்று தள்ளிவிட முடியாது. யட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் ஓடுவது கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குத்தான். வரிசையில் நிற்பவர் எந்த டிவிஷன், யார் வீட்டுப் பிள்ளை என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். மனநோய் கிளினிக் துண்டு கையில் இருந்ததென்றால் பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். கலியாணப் பேச்சு தடைப்படும். தங்கைக்கு வரவேண்டிய சம்பந்தமும் தள்ளிப்போகும். பக்கத்துக் காம்பராவில் இருமினால் கேட்கிற வீட்டில் மனக்கஷ்டத்தைத் தனியாகச் சொல்ல இடமேது? கடைசியில் கோடாங்கியிடம் போவார்கள், இல்லாவிட்டால் வாய்மூடி இருப்பார்கள். முகம் தெரியாத ஒருவரிடம் தமிழில் பேசலாம், பெயரைக்கூட மாற்றிச் சொல்லலாம் என்ற வசதி இவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று விளங்காது. இணையவழி உளவளத்துணையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நேரம் மிச்சமாவது அதற்குப் பிறகுதான்.

முகம் காட்டாமல் கேட்கும் செவி இந்த நாட்டுக்குப் புதிதில்லை. லண்டனில் 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பின் வழியில், கொழும்பில் 1974இல் சுமித்ரயோ தொடங்கியது. தொண்டர்கள் நேரிலும் தொலைபேசியிலும் கடிதத்திலும் மனம் நொந்தவர்களுக்குக் காது கொடுத்தார்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் போனுக்கும் வீடியோவுக்கும் மாறினார்கள். அந்தப் பழக்கம் ஊரடங்கோடு போய்விடவில்லை. பலன் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இணையவழிச் சிகிச்சை நேரில் பெறுவதற்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பலன் தருகிறது என்பதை சுவீடன் முதலான நாடுகளில் பல வருட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மறுமுனையில் ஒரு மனிதர் தொடர்ந்து வழிகாட்ட வேண்டும். செயலியைப் பதிவிறக்கி நீயே படித்துக்கொள் என்று விட்டுவிட்டால் பலர் பாதியில் போய்விடுகிறார்கள், பலனும் குறைகிறது.

ஆனால் அந்த இரகசியம் எவ்வளவு தூரம் தாங்கும்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் கொள்ளுப்பிட்டியில் கணக்கு அலுவலகமொன்றில் வேலை செய்கிறாள், தெமட்டகொடையில் போர்டிங். ஓர் அறையில் நான்கு கட்டில்கள். இரவில் அங்கே வாய்திறந்து எதையும் பேச முடியாது. அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையிலான படிக்கட்டில் உட்கார்ந்து இயர்போனைப் போட்டுக்கொள்கிறாள். யாராவது இறங்கி வந்தால் பேச்சு உடனே மாறும்: "சரி மிஸ், அந்த ஃபைல நான் அனுப்புறேன்." மறுமுனையில் இருப்பவர் பழகிவிட்டார், காத்திருப்பார். ஒருநாள் அவர் கேட்டிருக்கிறார்: "இப்ப நீங்க அழக்கூடிய இடத்திலயா இருக்கிறீங்க?" இல்லை என்று இவள் சொன்னதும், அன்று அப்பாவைப் பற்றிய பேச்சை எடுக்காமலே விட்டுவிட்டார். நல்ல உளவளத்துணையாளர் அவர். ஆனாலும் எடுத்துப் பேச வேண்டியது பேசப்படாமலே போனது. வீட்டிலிருந்தே பேசலாம் என்று விளம்பரம் செய்கிறவர்கள், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் சேவையை அமைத்திருக்கிறார்கள். ஊழியர்களுக்கென்று நிறுவனங்கள் காசு கட்டி வாங்கிக் கொடுக்கும் உளவளத்துணையிலும் இதே குறைதான். அதற்குச் செலவழிக்கும் அலுவலகம், மதியம் அரைமணி நேரம் ஒரு சின்ன அறையையும் பூட்டிக்கொள்ளக் கொடுக்கலாமே. பேசியது மேலதிகாரி காதுக்குப் போகாது என்று எழுத்தில் தந்தால் இன்னும் நல்லது. அந்தச் சந்தேகத்தாலேயே பலர் அந்தப் பக்கம் போவதில்லை.

ஊருக்குத் தெரியாதது சேவையை நடத்தும் கம்பனிக்குத் தெரியும் என்பது அடுத்த சிக்கல். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவேடுகள் திருடப்பட்டன. 2020இல், அறைக்குள் சொன்னதை ஊரறியப் போடுவோம், காசு கொடு என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. உலகின் மிகப் பெரிய இணைய உளவளத்துணைக் கம்பனிகளில் ஒன்றான பெட்டர்ஹெல்ப், தன்னிடம் வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக பேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றம் சாட்டியது. 2023இல் அந்த விவகாரம் 78 இலட்சம் டொலர் கட்டி முடிக்கப்பட்டது. இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போடப்பட்டன. லயத்துக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளை, யாருடையதென்றே தெரியாத ஒரு சர்வரில் தன் வாழ்க்கையை எழுதி வைக்கிறது.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. நாம் காக்கும் இரகசியம் உளவளத்துணையாளரின் கையையும் கட்டிப்போடுகிறது. பொய்ப் பெயர், சொல்லாத முகவரி, எந்த ஊர் என்றே தெரியாத குரல். சாகலாம் போலிருக்கிறது என்று அந்தக் குரல் சொல்லும்போது அவர் யாரை அனுப்புவார்? 1995 வாக்கில் இலங்கையில் இலட்சத்துக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. பிறகு அது பெருமளவு இறங்கியதற்கு, கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் கெட்ட நேரத்தில் ஆபத்து கைக்கெட்டாமல் இருந்தால் மனிதர் பிழைத்துக்கொள்கிறார். ஆபத்தைத் தள்ளி வைப்பதற்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்; எங்கோ தொலைவில் இருக்கும் குரலால் அது முடியாது. அதனால் முதல் நாளே, நம்பிக்கையான ஒருவரின் போன் எண்ணையும் கிட்டிய வைத்தியசாலையின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளாத சேவை, எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எனக்கு ஏற்புடையதல்ல. உதவி தேடி வருபவரும் அவற்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த அளவுக்கு இரகசியத்தை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

தகுதி பற்றிய கேள்வியும் உண்டு. வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கும், சரிபார்க்கலாம். சில வாரச் சான்றிதழை வைத்துக்கொண்டு பேஸ்புக்கில் பக்கம் திறப்பவரை எங்கே சரிபார்ப்பது? என்ன படித்தீர்கள், யாரின் மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை.

இந்தியா 2022 ஒக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று இருக்கிறது. 14416க்கு அழைப்பவரின் பிரச்சினை பெரிதென்று தெரிந்தால், மனநல வைத்தியருக்கும் அவரவர் மாவட்டத்திலுள்ள நேரடிச் சேவைக்கும் அனுப்பும் வழியை அமைப்பிலேயே வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் அவர்கள் கொழும்பில் நிலைத்திருப்பவர்கள் இல்லை. வேலை போகும், அம்மாவுக்கு முடியாமல் போகும், ஊருக்குத் திரும்புவார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து டிவிஷனில் சிக்னல் கிடைக்காது, டேட்டாவுக்குக் காசிருக்காது. ஆறுமாதம் கட்டியெழுப்பிய உறவு ஒரு வாரத்தில் அறுந்துவிடும். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும்: என்ன பேசப்பட்டது, எது பலன் தந்தது, எதைக் கவனிக்க வேண்டும் என்று, ஊர் வைத்தியசாலையின் டாக்டருக்கு விளங்கும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய ஒரே ஒரு பக்கம். அதை எழுதித் தருவீர்களா என்று முதல் கோலிலேயே கேட்கச் சொல்லித்தான் நான் இப்போது என்னிடம் விசாரிப்பவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.