எண்ணுக்கு ஊரும் பேரும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான ஆண்டுகளுக்கு நாள்வாரியாகத் தரும் மழைக் கோப்புகளில் கொல்லிமலையும் இருக்கிறது, வெறும் எண்களாக. அந்த எண்களுக்கு ஊரும் பேரும் கொடுப்பது சிடிஎல் என்ற சின்ன மொழி. 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் போல்டர் நகரில் யூனிடேட்டா உருவாக்கிய நெட்சிடிஎஃப் கோப்பு வடிவத்தின் எழுத்துருவம் அது. கூட்டல்கூடத் தெரியாது. தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வது ஒன்றே அதன் வேலை.

டைமென்ஷன்ஸ், வேரியபிள்ஸ், டேட்டா என அடிப்படையில் மூன்றே பகுதிகள். முதலில் அச்சுகள்: லாட் (அட்சரேகை) 129, லான் (தீர்க்கரேகை) 135. டைம் அச்சுக்கு மட்டும் 'அன்லிமிடெட்' என்று எழுதிவிடலாம். நாளைய மழைக்கும் இடம் உண்டு. அடுத்து 'ஃப்ளோட் ரெயின்ஃபால்(டைம், லாட், லான்)'. எந்த நாள், எந்த இடம் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் முடிந்தது. அதைவிட அழகு 'லாட்(லாட்)'. அச்சின் பெயரையே மாறிக்கும் வைத்தால், அச்சுப் புள்ளிகளின் அளவுகள் அதில்தான் இருக்கின்றன என்று மென்பொருள் புரிந்துகொள்ளும். தனிக் கட்டளை எதுவும் வேண்டாம். சிக்கனம் என்றால் இது!

என் ஓட்டு 'ஃபில்வேல்யூ' என்ற நிரப்பு மதிப்புக்குத்தான். மழை பெய்யாத நாளுக்கு 0, பதிவே இல்லாத இடத்துக்கு -999. சாமை விதைக்கக் காத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகுமா? எக்செல் தாளில் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக்கிச் சராசரியைக் கெடுத்த கணக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறையும் உண்டு. 'யூனிட்ஸ்' என்ற இடத்தில் மில்லிமீட்டர் என்று எழுதினாலும் மரக்கால் என்று எழுதினாலும் இந்த மொழி வாயைத் திறக்காது. 2003-இல் வெளியான சிஎஃப் விதித்தொகுப்புதான் அதற்குக் கடிவாளம் போட்டது.

மலைக்கு வருவோம். அந்த மழைக் கோப்புகளில் புள்ளிக்குப் புள்ளி கால் பாகை, ஏறத்தாழ 27 கிலோமீட்டர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு. அந்த மேட்டையும் அடிவாரத்தையும் பிரித்துக் காட்ட இந்த இடைவெளி போதாது. குற்றம் மொழியுடையதல்ல. லாட் 11.25, அடுத்தது 11.5 என்று அது ஒளிவுமறைவில்லாமல் எழுதியே வைத்திருக்கிறது. கொல்லிமலை மழைக்கு வரைபடம் போடப் புறப்படுகிறவர்கள், கோப்பைச் சிடிஎல் வடிவில் காட்டும் என்சிடம்ப் கட்டளையோடு 'மைனஸ் சி' சேர்த்துத் தலைப்பகுதியையும் அச்சு அளவுகளையும் முதலில் வாசித்துவிடுங்கள்.