யானையின் காலும் மாந்தர் அடிச்சுவடும்

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்று 184ஆம் பாட்டு, வரி கொள்ளும் முறையை அரசனுக்கு அறிவுறுத்துவது என்றே பள்ளிகளில் கற்பிக்கப்படுகின்றது. செவியறிவுறூஉத் துறையைச் சார்ந்ததாகலின் அப்பொருள் பொருந்துவதே. எனினும் பாட்டின் உயிர்நிலை அதன் உவமையில் உள்ளது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால், ஒரு மாவிற் குறைந்த நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையையே வயலுக்குள் விட்டால் நூறு வயல் இருந்தும் பயனில்லை. தின்பதினும் மிதித்து அழிப்பதே மிகுதியாகும். உண்ணும் அளவு வேறு, உண்ணும் முறையால் நேரும் அழிவு வேறு என்று பிரித்துக் கண்டதே புலவரின் நுட்பம்.

இந்நுட்பத்தைக் கொண்டு இக்காலக் கணக்கு ஒன்றை ஆராய்தல் தகும். வில்லியம் ரீஸ், மாத்திஸ் வாக்கர்னாகல் என்னும் அறிஞர் இருவர் 1990களில் 'சூழலியல் அடிச்சுவடு' என்னும் கணக்கை வகுத்தனர். மாந்தர் கொள்ளும் தானியம், மீன், மரம், கட்டடம் எழுந்த நிலம், எரிபொருட் புகையின் கரியை உறிஞ்சத் தேவையான காடு ஆகியவற்றை எக்டேர் அளவாக்கி ஒரு தட்டில் இடுவர். நிலமும் கடலும் ஓராண்டில் புதுப்பித்துத் தரவல்லதை மறுதட்டில் இடுவர். 1970களின் தொடக்கம் முதல் செலவுத் தட்டே தாழ்ந்து வருகின்றது என்றும், 2024ஆம் ஆண்டின் செலவுக்கு ஏறத்தாழ 1.7 புவி வேண்டியிருந்தது என்றும் அக்கணக்கு கூறும். 2024ஆம் ஆண்டுக்குரிய வருவாய் ஆகஸ்டு 1ஆம் நாளிலேயே தீர்ந்தது என்பது அதன் கணிப்பு. வரவறிந்து செலவிடாதான் கெடுவான் என வலியறிதல் அதிகாரம் தனி மனிதனுக்கு உரைத்த அறம், இங்கே உலகுக்கே உரியதாகின்றது.

இக்கணக்கு எத்துணை மெய்யுரைக்கும்? அதற்கு வட சிலாங்கூர் நல்லதோர் உரைகல். முன்னர்ப் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவை அடுத்து, 'தென்னமரம்' என்னும் தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில், 1917இல் என்றி ஃபோகோனியே செம்பனை நட்டார். நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. பின்னர் இவ்வட்டாரத்தில் ரப்பர் நின்ற இடங்கள் பலவும் செம்பனைக் காடாயின.

அடிச்சுவட்டுக் கணக்கு நிலத்தை விளைச்சலால் மதிப்பது. சதுப்புக் காட்டை அழித்துச் செம்பனை நட்டால் ஏட்டில் நிலத்தின் வல்லமை உயரவும் கூடும். உண்மையிலோ, வடிகால் வெட்டியதும் இலைதழை மட்கிய அம்மண் வற்றிச் சுருங்கித் தாழ்கின்றது, கோடையில் தீப்பற்றுகின்றது. ராஜா மூசா காட்டில் மூண்ட தீக்கள் இதற்குச் சான்று. அக்காடும் சுங்கை காராங் காடும் சேர்ந்த சதுப்பு 70,000 எக்டேருக்கு மேற்பட்டது. மழைநீரைத் தேக்கி அண்டையிலுள்ள தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு அரணாய் நிற்பது. கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில், பெரெம்பாங் மரங்களில் ஒருசேர ஒளிர்ந்தணையும் மின்மினிகளின் புழுக்கள் கரைச் சேற்றில் நத்தை தின்று வளர்வன. கரையைத் திருத்திப் பயிரிட்டால், மரம் நின்றாலும் மின்மினி நில்லாது. மண்ணின் தாழ்வுக்கும் மின்மினியின் மறைவுக்கும் அவ்வேட்டில் இடமில்லை. பெயரோ அடிச்சுவடு, எண்ணுவதோ பெரும்பாலும் கவளம். கணக்கை வகுத்தோரும் இக்குறையை மறைத்திலர்.

மற்றொன்றும் நோக்கற்பாலது. ஏற்றுமதியாகும் எண்ணெயின் சுவட்டை நுகரும் நாட்டின்மேல் ஏற்றுவது இக்கணக்கின் நேர்மை. ஆயினும் நாட்டுச் சராசரியோ, லயத்தில் வாழ்ந்து மிதிவண்டியில் வேலைக்குச் செல்பவரையும், வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருப்பவரையும் ஓரெண்ணில் அடக்கிவிடும். யானை மிதித்த பழி எறும்பின்மேலும் விழுதல் முறையன்று.

அளவறிந்து கொள்ளுதல் தோட்டத் தமிழர்க்குப் புதிதன்று. பால்மரம் வெட்டியோர் பட்டையை மெல்லெனச் சீவினர்; கத்தி உள்மரத்தைத் தொட்டால் காயம் என்று கண்டிக்கப்பட்டனர்; ஒருபுறப் பட்டை மீண்டும் வளர்ந்து முதிரும்வரை மறுபுறம் வெட்டினர். எடுப்பதற்கும் ஊறுவதற்கும் உள்ள அளவை அவர்கள் கை அறிந்திருந்தது. அத்தோட்டங்களே காட்டை அழித்து எழுந்தவை என்பதும் மறைத்தற்குரியதன்று. ஒரு மரத்தளவில் காத்த நெறியைக் காட்டளவில், ஆற்றளவில் காவாது விட்டதே பிழை.

ஆகவே 1.7 என்னும் எண்ணைத் தள்ளுதல் வேண்டா. அதனையே முழு உண்மையாகக் கொள்ளுதலும் வேண்டா. வருவாய்க்கு மேற்பட்ட செலவை அது காட்டுகின்றது. மிதிபட்ட வயலைக் காண ஆற்றங்கரைக்கே செல்லுதல் வேண்டும். பிசிராந்தையார் பாட்டை நடத்தும் ஆசிரியர் வரியோடு நிறுத்தாமல், சிலாங்கூர் ஆற்றையும் ராஜா மூசாவையும் காட்டி விளக்குவாராயின், யானை எது, வயல் எது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.