மூலம் எது? ‘கோனன் த பார்பேரியன்’ (1982) திரைப்படமும் ரசிகர் எதிர்வினையும்

ஆய்வுச் சுருக்கம்

ராபர்ட் இ. ஹோவர்டின் கதைமாந்தனாகிய கோனனை முதன்மையாகக் கொண்டு ஜான் மிலியஸ் இயக்கிய ‘கோனன் த பார்பேரியன்’ திரைப்படம், வாளும் சூனியமும் கலந்த மிகைபுனைவுப் படங்களுள் அதிகம் பேசப்பட்டது. ஹோவர்டின் வாசகர்கள் இப்படத்தின்மீது வைத்த முதன்மைக் குற்றச்சாட்டு, அது மூலத்திற்கு நம்பகமாக இல்லை என்பதாகும். அவ்வாசகர்கள் குறிப்பிடும் மூலம் ஒற்றைப் பிரதி அன்று என்பதையும், பல பதிப்புகளாலும் இடைச்செருகல்களாலும் உருவான பிரதித் தொகுதியே படத்திற்கு அடிப்படையாயிற்று என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. நம்பகத்தன்மை குறித்த விவாதம் படத்தின் கருத்தியலைப் பற்றிய வினாக்களைப் பின்தள்ளியதையும் இது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கோனன், தழுவல், இடைச்செருகல், பாடபேதம், ரசிகர் ஏற்பு, மிகைபுனைவு.

1. முன்னுரை

இலக்கியத்தைத் திரைப்படமாக்கும்போது ‘மூலம் சிதைக்கப்பட்டது’ என்னும் குரல் எழுவது வழக்கம். தழுவல் குறித்த ஆய்வுகள் இக்குரலைப் பெரும்பாலும் முதிர்ச்சியற்ற எதிர்வினை எனத் தள்ளிவிடுகின்றன. அவ்வாறு தள்ளுவதும், அப்படியே ஏற்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இரண்டிலும் மூலம் என்பது ஐயத்திற்கு இடமின்றி நம்முன் இருப்பதாகக் கருதப்படுகிறது. கோனன் கதைகளைப் பொறுத்தவரை இக்கருத்து நிலைக்காது.

இக்கட்டுரை தமிழ்ப் பதிப்பியலின் கலைச்சொற்களான இடைச்செருகல், பாடபேதம் ஆகியவற்றைக் கருவியாகக் கொள்கிறது. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப் பாடல்களைப் பிரித்து அச்சிடும் மரபை அறிந்த வாசகருக்கு, கோனன் ரசிகர்களிடையே நிகழ்ந்த பூசல் புதிதாகத் தோன்றாது.

2. கதைகளும் அவற்றின் பதிப்புகளும்

ஹோவர்டு (1906–1936) டெக்சாஸ் மாநிலத்தின் கிராஸ் ப்ளெயின்ஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். ‘வியர்ட் டேல்ஸ்’ என்னும் மலிவுத்தாள் இதழில் 1932 டிசம்பரில் கோனனின் முதல் கதை வெளிவந்தது. அக்கதையிலேயே கோனன் நடுவயதை எட்டிய அரசன். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘யானையின் கோபுரம்’ கதையிலோ அவன் இளந்திருடன். கதைகள் வாழ்க்கை வரிசையில் எழுதப்படவில்லை. ஒவ்வொன்றும் தனித்து நிற்பது. கோனனின் பிறப்போ இளமைத் துயரமோ எந்தக் கதைக்கும் கருப்பொருள் அன்று.

அவற்றை வரிசைப்படுத்தும் வேட்கை ரசிகர்களிடமிருந்தே தொடங்கிற்று. பி. ஷுய்லர் மில்லர், ஜான் டி. கிளார்க் ஆகிய இருவர் கோனனின் வாழ்க்கைக்கு ஒரு கால வரிசையை வகுத்து ஹோவர்டுக்கு அனுப்பினர். 1936 மார்ச்சில் அவர் எழுதிய மறுமொழிக் கடிதத்தில், கோனன் போர்க்களத்தில் பிறந்தவன் என்பதும், இளமையில் வடபுலத்து ஹைபர்போரியரிடம் அகப்பட்டுத் தப்பித் தெற்கே வந்தான் என்பதும் போகிற போக்கில் சொல்லப்படுகின்றன. மூன்று மாதங்களில் ஹோவர்டு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1950இல் தொடங்கிய க்னோம் பதிப்பக நூல்களும், 1966இல் தொடங்கிய லான்சர் மலிவுப் பதிப்புகளும் கோனனுக்கு ஒரு முழு வாழ்க்கை வரலாற்றை அளித்தன. இப்பணியில் முதன்மையானவர் எல். ஸ்ப்ரேக் டி காம்ப். அவர் ஹோவர்டின் முற்றுப்பெறாத கதைகளை முடித்தார். கோனன் இடம்பெறாத கதைகளைக் கோனன் கதைகளாக மாற்றினார். லின் கார்ட்டருடன் சேர்ந்து புதிய கதைகளையும் எழுதி இடைவெளிகளை நிரப்பினார். ஃபிராங்க் ஃபிராசெட்டாவின் அட்டை ஓவியங்களோடு வந்த லான்சர் நூல்கள் வழியாகவே ஒரு தலைமுறை கோனனை அறிந்தது. 1970 முதல் மார்வெல் நிறுவனத்தின் படக்கதைகளும் இத்தொகுதியோடு சேர்ந்தன.

இதற்கு எதிர்வினையாக, 1977இல் கார்ல் எட்வர்டு வாக்னர் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழின் பாடத்தைப் பின்பற்றி மூன்று தொகுதிகளை வெளியிட்டார். ஆக, படம் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே மூலபாடம் குறித்த பிளவு வாசகரிடையே உருவாகியிருந்தது. படத்தைப் பற்றிய சினம் அப்பிளவின் தொடர்ச்சியே.

3. திரைக்கதை எதிலிருந்து எடுத்தது?

மிலியஸும் ஆலிவர் ஸ்டோனும் எழுதிய திரைக்கதையை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கலாம்.

முதல் அடுக்கு ஹோவர்டின் கதைகள். கோபுரத்தில் ஏறித் திருடும் காட்சி ‘யானையின் கோபுர’த்தை நினைவூட்டுவது. கோனன் மரத்தில் அறையப்பட்டு, தன்னைக் கொத்தவரும் கழுகைப் பல்லால் கடித்துக் கொல்லும் காட்சி 1934இல் வெளிவந்த சூனியக்காரி கதையிலிருந்து வந்தது. இறந்த காதலி மீண்டு வந்து கோனனைக் காப்பது, அதே ஆண்டில் வந்த ‘கருங்கடற்கரையின் அரசி’ கதையில் பெலிட் செய்த செயல். படம் அச்செயலை 1936இல் வந்த வேறொரு கதையின் பெயர்த்தியான வலேரியாவிடம் ஒப்படைக்கிறது. பகைவனாகிய துல்சா டூம் கோனன் கதைகளுக்கு உரியவனே அல்லன். ஹோவர்டின் மற்றொரு மாந்தனாகிய கல் அரசனின் பகைவன். இங்கு எடுத்தாளப்பட்ட உறுப்புகள் ஹோவர்டுடையவை; இணைப்பு அவருடையதன்று.

இரண்டாம் அடுக்கு இடைச்செருகல். ஓநாய்கள் துரத்த, கோனன் ஒரு கல்லறைக்குள் விழுந்து, அரியணையில் அமர்ந்திருக்கும் மாண்ட மன்னனிடமிருந்து வாளை எடுக்கும் காட்சி படத்தின் புகழ்பெற்ற காட்சிகளுள் ஒன்று. இது ஹோவர்டின் எந்தக் கதையிலும் இல்லை. 1967ஆம் ஆண்டு லான்சர் தொகுதியில் டி காம்பும் கார்ட்டரும் சேர்த்த கதையே இதன் மூலம். அக்கதையில் பிணம் எழுந்து போரிடுகிறது. படத்தில் எலும்புக்கூடு சற்றே தலை சாய்ப்பதோடு அமைகிறது. டி காம்ப் இப்படத்தின் தொழில்நுட்ப ஆலோசகராகவும் இருந்தார் என்பதை இங்கு இணைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் அடுக்கு மிலியஸின் சொந்தப் படைப்பு: ஊரின் அழிவு, பெற்றோரின் கொலை, அடிமைச் சிறுவன் சுழற்றும் பெருஞ்செக்கு, எஃகின் புதிர், பழிவாங்கல். படம் நீட்சேயின் ஒரு கூற்றோடு தொடங்குவதும் இவ்வடுக்கைச் சார்ந்ததே.

இவ்வடுக்குகள் தனித்தனியே கிடப்பவை அல்ல. கோனனின் அடிமை வாழ்வை எடுத்துக்கொள்வோம். ஹோவர்டின் கடிதத்தில் அகப்பட்டுத் தப்பினான் என்னும் சிறு குறிப்பு. 1967ஆம் ஆண்டுக் கதையில் சங்கிலியோடு தப்பியோடும் அடிமை. 1982ஆம் ஆண்டுப் படத்தில் குழந்தைப் பருவம் முதல் ஆளாகும்வரை நீளும் அடிமைத்தனம். ஒரு சொற்றொடர் கதையாகி, கதை மாந்தனின் முழு வரலாறாகிறது. ரசிகர்கள் மிலியஸின் கண்டுபிடிப்பு எனக் கண்டித்த கூறுக்கு ஆசிரியரின் கடிதத்திலேயே ஒரு விதை உண்டு. ஆனால் அவ்விதை இவ்வளவு பெரிதாக வளர ஆசிரியர் இடம் தரவில்லை. இரண்டும் ஒருங்கே உண்மை.

4. எதிர்வினையின் இரு போக்குகள்

ஹோவர்டின் வாசகர்கள் எழுப்பிய மறுப்புகளைத் தொகுத்தால் அவை மூன்றாகும். முதலாவது, கோனனின் ஊக்கம். கதைகளில் அவன் ஊர் அழிந்ததால் வெளியேறியவன் அல்லன். உலகைக் காணும் விருப்பால் தானே புறப்பட்டவன். இரண்டாவது, பேச்சு. கதைகளில் வரும் கோனன் பல மொழிகள் அறிந்தவன், நகைப்பவன், கடவுளரைப் பற்றிக் காதலியோடு உரையாடுபவன். படத்தில் அவன் அரிதாகவே வாய் திறக்கிறான். அவனுக்காகப் பேசுவது பேசில் பொலிடூரிஸின் இசை. மூன்றாவது, விடுதலை. கதையின் கோனனை யாரும் நெடுங்காலம் கட்டிவைக்க முடியாது. படத்திலோ அவனை உடைமையாளனே அவிழ்த்துவிடுகிறான்.

இம்மூன்றும் நுட்பமான வாசிப்பிலிருந்து பிறந்த மறுப்புகள். இவற்றுள் மூன்றாவது மிக வலியது எனக் கருதலாம். நாகரிகத்தின் கட்டுக்குள் வராதவன் என்பதே ஹோவர்டின் நாயகனுக்குரிய வரைவிலக்கணம். அவனை அடிமைத்தனமே உருவாக்கியது என்றால், அந்நாயகனின் பொருள் தலைகீழாகிறது.

மறுபுறம், படத்தின்வழி கோனனை அறிந்தவர்கள் அதன் இறுக்கத்தையே அதன் சிறப்பாகக் கண்டனர். இறுதிப் போருக்கு முன் கோனன் தன் கடவுளாகிய க்ரோமை வேண்டி, உதவாவிடில் நீ எனக்கு வேண்டாம் என்று முடிக்கும் காட்சி இங்குக் குறிப்பிடத்தக்கது. வேண்டுவோர்க்கு இரங்காத கடவுள் என்னும் ஹோவர்டின் கருத்து அதில் உண்டு; கடவுளையே தள்ளிவிடும் மிலியஸின் செருக்கும் உண்டு. மூலத்திலிருந்து விலகும் இடமே மூலத்தின் உணர்வை நெருங்கும் இடமாகவும் அமைகிறது. நம்பகம், துரோகம் என்னும் இருமை இக்காட்சியை விளக்கப் போதாது.

5. இடைச்செருகல் மூலமாகும் நிலை

1984இல் ரிச்சர்டு ஃபிளைஷர் இயக்கிய தொடர்ச்சிப் படம் சிறுவரும் காணத்தக்கதாக மென்மையாக்கப்பட்டது. அதை மதிப்பிட ரசிகர்கள் எடுத்த அளவுகோல் பெரும்பாலும் 1982ஆம் ஆண்டுப் படமே.

2011இல் மார்க்கஸ் நிஸ்பெல் இயக்கிய புதிய படம் இன்னும் தெளிவான சான்று. அதற்குள் டெல் ரே பதிப்பகம் 2003 முதல் திருத்தப்பட்ட மூலபாடத்தை வெளியிட்டிருந்தது. புதிய படமும் கோனனைப் போர்க்களத்தில் பிறக்க வைக்கிறது. இது ஹோவர்டின் கடிதத்திற்கு நேரே செல்லும் முயற்சி. ஆயினும் அதன்பின் ஊர் அழிகிறது, தந்தை மாள்கிறார், மகன் பழிவாங்கப் புறப்படுகிறான். இச்சட்டகம் ஹோவர்டுடையதன்று, மிலியஸுடையது. மூலத்திற்குத் திரும்ப விரும்பிய படத்தாலும் 1982ஐக் கடக்க இயலவில்லை. ஒரு தலைமுறையின் இடைச்செருகல் அடுத்த தலைமுறைக்கு மூலபாடமாகிவிட்டது.

6. நம்பகத்தன்மை மறைப்பது

படத்தின் இறுதியில் கோனன் துல்சா டூமின் தலையைத் துண்டித்துப் படிக்கட்டில் எறிகிறான். துல்சா டூமாக நடித்தவர் கறுப்பின நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். படத்தைப் பொதுவாகப் பாராட்டிய திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட்டும், வடபுலத்து வெள்ளை வீரன் கறுப்பினத்தவரின் தலையை உயர்த்தும் இக்காட்சியின் இன அரசியல் தம்மை உறுத்தியதாக எழுதினார். இவ்வினாவை ரசிகர் விவாதம் எவ்வாறு எதிர்கொள்ள முடியும்? ஹோவர்டின் கதையில் துல்சா டூம் மண்டையோட்டு முகம் கொண்டவன். ஆகவே இக்காட்சி மூலத்தில் இல்லை என்று கூறிவிடலாம். அவ்விடை படத்தைக் குற்றவாளியாக்கி மூலத்தை விடுவிக்கிறது.

ஆனால் மூலம் அவ்வளவு தூயதன்று. ஹோவர்டின் கதைகளில், குறிப்பாக அவர் வாழ்நாளில் அச்சேறாத ‘இழந்த பெண்களின் பள்ளத்தாக்கு’ போன்றவற்றில், இனவெறுப்பு வெளிப்படையாகவே உள்ளது. இடைச்செருகலை நீக்கி மூலபாடத்தை மீட்ட பதிப்புகள் அவ்வெறுப்பையும் சேர்த்தே மீட்டன. அது பதிப்பாசிரியரின் குறையன்று; மூலபாடத்தை மீட்பவர் அதில் விரும்பத்தகாததை மட்டும் விலக்க இயலாது. ‘மூலத்தில் உள்ளதா?’ என்பது ஒரு பதிப்பியல் வினா. ‘ஏற்கத்தக்கதா?’ என்பது ஒரு திறனாய்வு வினா. முதல் வினாவிற்கான விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வதே ரசிகர் விவாதத்தின் அடிப்படைக் குழப்பம். ஆய்வாளரும் இக்குழப்பத்திற்கு அப்பாற்பட்டவர் அல்லர்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஒன்று, 1982ஆம் ஆண்டுத் திரைப்படம் ஹோவர்டின் கதைகளை மட்டும் தழுவியதன்று. அவர் கதைகள் மீது முப்பது ஆண்டுகளாகப் படிந்த பதிப்பு அடுக்குகளையும் தழுவியது. இரண்டு, ரசிகரின் சினத்தை அறியாமை எனத் தள்ளுதல் தவறு. அதனுள் பாட ஆய்வின் தொடக்கம் இருக்கிறது. கோனனின் கால வரிசையை முதலில் வகுத்தவர்களும் மூலபாடத்திற்குத் திரும்பியவர்களும் ரசிகராய்த் தொடங்கியவர்களே. இவ்வகைமைக்கு ஃபிரிட்ஸ் லைபர் 1961இல் பெயர் சூட்டியதும் ரசிகர் இதழ்களிலேயே. மூன்று, ‘மூலத்திற்கு நம்பகமானதா?’ என்று கேட்பதற்கு முன் ‘எந்தப் பதிப்பிற்கு?’ என்று கேட்கப்பட வேண்டும். அதற்கு விடை கிடைத்த பின்னரும் படைப்பின் மதிப்பு குறித்த வினா எஞ்சியே நிற்கும்.

கோனனைப் படைத்தவர் முப்பது வயதில் மறைந்தார். அவன் எவன் என்பதை அவருக்குப் பின்வந்த பதிப்பாசிரியர்களும் ஓவியர்களும் இயக்குநர்களும் வாசகர்களுமே முடிவு செய்தனர். அவர்களுள் ஒருவரை மட்டும் துரோகி எனச் சுட்டுவது எளிது. ஒவ்வொருவரும் எதைச் சேர்த்தார், எதை விட்டார், ஏன் என்று கணக்கெடுப்பதே ஆய்வின் பணியாகும்.